மனத்தை அளக்கும் கேள்வித்தாளுக்கு முத்திரை எங்கே?

அமெரிக்கா முதலிய தேசங்களின் சர்வகலாசாலைகளில் சில வருஷங்களாக ஒரு வழக்கம் பலப்பட்டு வருகின்றது. அது நமது நாட்டுக் கல்லூரிகளுக்கும் மெல்ல மெல்ல வந்துகொண்டிருக்கின்றது. அதாவது, மாணவர்களின் கையில் ஒரு சிறு கேள்வித்தாளைக் கொடுத்து, சென்ற இரண்டு வாரத்தில் தூக்கம் எப்படி, பசி எப்படி, மனம் சோர்ந்திருந்த நாட்கள் எத்தனை என்பது போன்ற சில கேள்விகளுக்கு விடை எழுதச் சொல்லி, அவ்விடைகளுக்கு மார்க் போட்டுக் கூட்டி, அந்தக் கூட்டுத் தொகையைக் கொண்டே இன்ன மாணவன் மனநோய்க்கு ஆளாகியிருக்கிறான், இன்ன மாணவன் சுகமாயிருக்கிறான் என்று பிரிப்பதாகும்.

பிள்ளைகளின் மனத்துன்பத்தைக் காலத்தில் கண்டுபிடித்து உதவி செய்ய வேண்டும் என்கின்ற எண்ணத்தில் நமக்கு யாதொரு ஆட்சேபணையும் இல்லை. ஆட்சேபணை இல்லாதது மாத்திரமல்ல, அந்த எண்ணத்தை நாம் மனதார வரவேற்கின்றோம். ஆனால் நாம் கேட்பது ஒரே ஒரு கேள்விதான். இந்தத் தாளில் ஒரு பணக்கார வீட்டுப் பிள்ளை வாங்குகின்ற 10 மார்க்கும், ஒரு கூலிக்காரன் வீட்டுப் பிள்ளை வாங்குகின்ற 10 மார்க்கும் ஒரே பொருளுடையவைதானா? வெள்ளை மாணவன் வாங்குகின்ற 10-ம், கறுப்பு மாணவன் வாங்குகின்ற 10-ம் ஒன்றுதானா? ஆண் வாங்குவதும் பெண் வாங்குவதும் ஒன்றுதானா? ஒன்றுதான் என்றால் அதை யார், எங்கே, எப்போது சோதித்துப் பார்த்தார்கள்?

சந்தையில் கத்தரிக்காய் நிறுக்கின்ற எடைக்கல்லுக்குக் கூடச் சர்க்கார் முத்திரை வேண்டும் என்று சட்டம் இருக்கின்றது. முத்திரையில்லாத கல்லை வைத்து நிறுத்தால் அபராதம் போடுகிறார்கள். கத்தரிக்காய்க்கு இருக்கின்ற இந்த ஜாக்கிரதை, ஒரு பிள்ளையின் மனத்தை நிறுக்கின்ற கல்லுக்கு வேண்டாமா என்பதே நமது கேள்வி.

தாளின் சரித்திரம்

இன்று உலகத்தில் மிக அதிகமாக வழங்கப்படுகின்ற தாள்களில் ஒன்றுக்கு பி.எச்.க்யூ.-9 என்று பெயர். மனச்சோர்வு நோயைக் கண்டுபிடிப்பதற்கென்று குரோன்கே, ஸ்பிட்சர், வில்லியம்ஸ் என்கின்ற மூன்று அமெரிக்க அறிஞர்கள் இதைச் செய்து 2001-ம் வருஷத்தில் இதன் சோதனை விவரத்தை வெளியிட்டார்கள். இதில் உள்ள கேள்விகள் ஒன்பது. ஒவ்வொன்றுக்கும் “இல்லவே இல்லை” என்றால் 0, “சில நாள்” என்றால் 1, “பாதி நாளுக்கு மேல்” என்றால் 2, “ஏறக்குறைய தினமும்” என்றால் 3. ஆகவே மொத்தம் 27 மார்க். 10-ம் அதற்கு மேலும் வாங்கியவர்களைச் சந்தேகிக்க வேண்டியவர்கள் என்று வைத்துக் கொண்டார்கள்.

இந்தத் தாளை அவர்கள் சும்மா வெளியிட்டு விடவில்லை. 15 வைத்திய நிலையங்களுக்கு வந்த 6,000 நோயாளிகளிடம் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 580 பேரை மனோவைத்தியம் தெரிந்தவர்களே தனியாகப் பேசி விசாரித்து, தாள் சொன்னதும் விசாரணையில் தெரிந்ததும் ஒத்துப் போகின்றனவா என்று பார்த்தார்கள். நோயுள்ளவர்களில் 100-க்கு 88 பேரைத் தாள் சரியாகப் பிடித்தது. நோயில்லாதவர்களில் 100-க்கு 88 பேரைச் சரியாக விட்டுவிட்டது. இது மெச்சத் தகுந்த வேலை என்பதை நாம் மறைக்க வேண்டிய அவசியமில்லை. தாளுக்குக் காசில்லை, யாரும் எடுத்து உபயோகிக்கலாம், மூன்று நான்கு நிமிஷத்தில் எழுதிவிடலாம். இதற்குப் பண உதவி செய்தது பைசர் என்கின்ற மருந்துக் கம்பெனி. அந்தக் கம்பெனி அக்காலத்தில் மனச்சோர்வுக்கான மாத்திரை விற்று வந்தது. பணம் கொடுத்தவன் வியாபாரி என்பதனாலேயே தாள் பொய்யாகிவிடாது என்றாலும், வாங்குகிறவன் எடைக்கல்லைச் சற்றுத் திருப்பிப் பார்ப்பதில் தப்பில்லை அல்லவா?

திருப்பிப் பார்த்தால் தெரிவது என்ன? இந்தக் கல்லுக்கு முத்திரை போட்ட இடம் அமெரிக்க வைத்திய நிலையம். முத்திரை போடப்பட்ட காலத்தில் தட்டில் ஏறியவர்கள் அங்கே வைத்தியத்துக்கென்று வந்த நோயாளிகள். கிராமத்திலிருந்து முதன் முதலாகக் காலேஜ் வாசலை மிதித்த பிள்ளைகளோ, கடல் கடந்து வந்து அந்நிய பாஷையில் படிக்கின்ற பிள்ளைகளோ அல்ல. அந்தக் கல்லையே எடுத்து இன்று எல்லா மாணவர்களையும் நிறுக்கிறார்கள்.

கணக்குப் பார்ப்போம்

100-க்கு 88 சரி என்றவுடன் அனேகர் திருப்தியடைந்து விடுகிறார்கள். ஆகையால் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,000 மாணவர்கள் இருக்கின்ற ஒரு காலேஜில் உண்மையில் நோயுள்ளவர்கள் 100 பேர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக் கொள்வோம். தாள் அவர்களில் 88 பேரைப் பிடிக்கும். 12 பேரை விட்டுவிடும். நோயில்லாத 900 பேரில் 100-க்கு 12 வீதம், அதாவது 108 பேரையும் நோயாளிகள் என்று சேர்த்துப் பிடிக்கும். ஆகவே தாளில் சிக்கியவர்கள் 196 பேர். அவர்களில் உண்மையான நோயாளிகள் 88. மற்ற 108 பேர் சுகமானவர்கள்! மிக நன்றாக வேலை செய்யும்போதே பிடிபட்டவர்களில் பாதிக்கு மேல் நோயில்லாதவர்கள் என்றால், பரீட்சிக்கப்படாத ஒரு கூட்டத்தாரிடம் அது இன்னும் கொஞ்சம் தடுமாறினால் கதி என்னவாகும்? 88 என்பது 70 ஆகிவிட்டால், விடுபட்டுப் போகிறவர்கள் 12 பேரல்ல, 30 பேர். அந்த 30 பேரும் ஒரே வகுப்பார், ஒரே நிறத்தார், ஒரே பாஷைக்காரராக இருந்துவிட்டால் அதற்குப் பெயர் பிசகா, அநீதியா?

இத்தாளைச் செய்தவர்களே இது சந்தேகத்தைக் காட்டுகிற கருவிதானே ஒழிய, நோயை முடிவு செய்கிற கருவியல்ல, முடிவைச் சொல்ல வேண்டியவன் வைத்தியன் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆனால் செய்தவன் சொன்னதைவிட உபயோகிக்கிறவன் அதிகம் நம்புவதுதானே உலக வழக்கம்! “ஸ்கேல் சொல்லிவிட்டது” என்றால் வாய் மூடிவிட வேண்டும் என்பது, “சாஸ்திரம் சொல்லிவிட்டது” என்பதற்கு எந்த விதத்தில் குறைந்தது?

நியாயம் என்பது எது?

இவ்விஷயத்தில் இரண்டு தப்பான வாதங்கள் நடமாடுகின்றன. ஒரு கட்சியார், “எல்லோருக்கும் ஒரே கேள்வி, ஒரே மார்க், ஆகவே பட்சபாதம் ஏது?” என்கிறார்கள். முடவனுக்கும் நல்ல காலுள்ளவனுக்கும் ஒரே தூரம் ஓட்டப் பந்தயம் வைத்து, “தூரம் ஒன்றுதானே” என்று சொல்வது போன்றது இது. இன்னொரு கட்சியார், “ஒரு வகுப்பாரின் சராசரி மார்க் கூடுதலாக வந்தால் தாள் பட்சபாதமுடையது” என்கிறார்கள். இதுவும் தப்பு. ஒரு வகுப்பார் உண்மையிலேயே அதிகமாகத் துன்பப்பட்டால் அவர்களுடைய மார்க் கூடத்தான் செய்யும். அதைப் பட்சபாதம் என்று சொல்லிக் கழித்துவிட்டால், உள்ள துன்பத்தையும் மூடி மறைத்த பாவம் வந்து சேரும்.

சரியான சோதனை வேறு. மொத்தத்தில் ஒரே அளவு துன்பமுடைய இரண்டு பேரை, இரண்டு வகுப்பிலிருந்து எடுக்க வேண்டியது. ஒவ்வொரு கேள்வியாகக் கொடுத்து, இருவரும் ஒரே மாதிரி விடை சொல்லுகிறார்களா என்று பார்க்க வேண்டியது. துன்பம் ஒன்றாயிருந்தும் ஒரு கேள்விக்கு மட்டும் ஒரு வகுப்பார் எப்போதும் கூட்டியோ குறைத்தோ விடை சொல்லி வந்தால், அந்தக் கேள்வி நோயை அளக்கவில்லை, வேறெதையோ அளக்கின்றது என்று அர்த்தம்.

இப்படிச் சோதித்த ஒரு நல்ல உதாரணம் இருக்கின்றது. சி.இ.எஸ்.-டி என்று 1977-ல் வெளியான 20 கேள்விகள் கொண்ட இன்னொரு தாள் உண்டு. காலேஜ் மாணவர்களிடமும் இது வெகுவாக வழங்குகின்றது. அமெரிக்காவில் நியூஹேவன் என்கின்ற ஊரில் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் இத்தாளுக்கு எழுதிய விடைகளை ஆராய்ந்து 2000-ம் வருஷத்தில் வெளியிட்டார்கள். ஒரே அளவு மனச்சோர்வுடைய வெள்ளையரையும் கறுப்பரையும் ஒப்பிட்டதில், “ஜனங்கள் என்னிடம் சிநேகமாயில்லை” என்கின்ற கருத்துள்ள கேள்விக்குக் கறுப்பர்கள் கூடுதலாக விடை சொல்லும் விகிதம் இரண்டு மடங்குக்கு மேலும், “ஜனங்கள் என்னை வெறுக்கிறார்கள்” என்கின்ற கருத்துள்ள கேள்விக்கு ஏறக்குறைய மூன்று மடங்கும் இருந்தது. ஒரே அளவு சோர்வுடைய ஆண் பெண்களை ஒப்பிட்டதில், அழுகையைப் பற்றிய கேள்விக்குப் பெண்கள் கூடுதலாகச் சொன்ன விகிதம் இரண்டு மடங்கு.

தோழர்களே! இதன் அர்த்தத்தைச் சற்று யோசித்துப் பாருங்கள். அந்தக் கறுப்புக் கிழவர்கள் பொய்யா சொன்னார்கள்? ஒரு ஆயுள் முழுவதும் தங்களை ஒதுக்கி வைத்த ஒரு தேசத்தில் இருந்து கொண்டு, ஜனங்கள் எங்களிடம் சிநேகமாயில்லை என்று அவர்கள் சொன்னது கலப்பற்ற உண்மையல்லவா? அது நோயாளியின் அறிகுறியல்ல, ஊரின் அறிகுறி. ஊரின் நோயை எடுத்து அவருடைய கணக்கில் மார்க்காகக் கூட்டினால், அடித்தவனை விட்டுவிட்டு அடிபட்டவனுக்குப் பத்தியம் சொல்லுவது போலத்தான் முடியும்.

அழுகையின் விஷயமும் அப்படியே. பெண் அழுதால் இயற்கை, ஆண் அழுதால் வெட்கம் என்று பிறந்தது முதல் சொல்லி வளர்த்துவிட்டு, பிறகு ஒரு தாளைக் கொடுத்து “அழுதாயா?” என்று கேட்டால், அழக் கூடாது என்று வளர்க்கப்பட்டவன் எவ்வளவு துக்கத்திலிருந்தாலும் “இல்லை” என்றுதானே எழுதுவான்?

இது நிற்க, இதைவிடப் பழைய கதையும் ஒன்றுண்டு. எம்.எம்.பி.ஐ. என்கின்ற பெரிய மனப் பரீட்சை 1943-ல் அமெரிக்காவில் மினசோட்டா சர்வகலாசாலையில் வெளியாயிற்று. “சாதாரண மனிதன்” என்றால் எப்படியிருப்பான் என்று தீர்மானிப்பதற்கு அவர்கள் எடுத்துக் கொண்டவர்கள் அந்தச் சர்வகலாசாலை ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளைப் பார்க்க வந்த 724 பேர். ஏறக்குறைய எல்லோரும் வெள்ளையர்கள். அந்த 724 பேருக்கு ஒத்தால் சாதாரணம், ஒவ்வாவிட்டால் விகாரம் என்று நாற்பது வருஷத்துக்கு மேல் அமெரிக்கா முழுவதையும் நிறுத்து வந்தார்கள். வெள்ளையனை வைத்துப் போட்ட அளவைக் கொண்டு கறுப்பனை அளப்பது பாரபட்சத்துக்கு வழிசெய்வதாகாதா என்று கின்தர் என்கின்ற ஆராய்ச்சியாளர் 1972-ல் எழுதிக் கேட்டார். கிறிஸ்து மதக் கொள்கைகளை நம்புகிறாயா என்கின்ற தோரணையில் கூட அந்தப் பரீட்சையில் கேள்விகள் இருந்தன. 1989-ல்தான் அதைத் திருத்தி, பல ஜாதி நிறத்தாரையும் சேர்த்து அளவு போட்டு, அந்த மதக் கேள்விகளையும் எடுத்தார்கள். கேட்பவர்கள் கேட்டதனால்தான் திருத்தப்பட்டதே ஒழியத் தானாகத் திருந்தவில்லை என்பதை நமது தோழர்கள் கவனிக்க வேண்டும்.

மனிதன் எழுதிய கேள்விதான் இப்படி என்று நினைக்க வேண்டாம். கொரோனா காலத்தில் விரலில் மாட்டி ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று பார்த்த சிறு கருவியை எல்லோரும் அறிவோம். அது தோலின் வழியாக வெளிச்சத்தைச் செலுத்தி அளப்பது. கருவி போதுமான அளவு காட்டிக் கொண்டிருக்கும்போதே ரத்தத்தில் பிராணவாயு உண்மையில் அபாயமாகக் குறைந்திருந்தவர்கள், வெள்ளையரில் 100-க்கு 3.6 பேர் என்றும் கறுப்பரில் 100-க்கு 11.7 பேர் என்றும் 2020-ல் அமெரிக்க வைத்தியர்கள் கண்டுபிடித்து எழுதினார்கள். வெளிச்சமே தோலின் நிறத்தைக் கண்டு தடுமாறுகிறதென்றால், வார்த்தை தடுமாறாது என்று யார் ஜாமீன் கொடுப்பது?

உடம்பு பேசும் பாஷை

இனி நமது பிள்ளைகளின் நிலைமைக்கு வருவோம். முதலில் சொன்ன ஒன்பது கேள்வித் தாளில் தூக்கம், அசதி, பசி, கவனம், உடம்பின் ஓட்டம் ஆகிய ஐந்தும் கேள்விகளாக இருக்கின்றன. பகலெல்லாம் படித்து, இரவில் ஓட்டலிலோ, பெட்ரோல் பங்க்கிலோ வேலை பார்த்துச் சம்பளம் கட்டுகின்ற ஒரு மாணவன் இதற்கு உண்மையாக விடை எழுதட்டும். தூக்கமில்லை, 3, அசதி, 3, சரியான சாப்பாடில்லை, 2, பாடத்தில் கவனம் நிற்கவில்லை, 2. ஆக 10. துக்கம் என்ற கேள்விக்கும், எதிலும் விருப்பமில்லையா என்ற கேள்விக்கும் அவன் 0 போட்டிருந்தாலும், கூட்டுத் தொகையை மட்டும் பார்க்கிற இடத்தில் அவன் சந்தேகத்துக்கு உரியவனாகி விடுகிறான். அவனுக்கு வேண்டியது உபகாரச் சம்பளமும் இரவுத் தூக்கமுமா, அல்லது மாத்திரையா?

இதற்கு நேர்மாறான விபத்தும் உண்டு. சீனாவில் ஹூனான் என்கின்ற இடத்து வைத்தியக் கல்லூரியில், “நரம்புத் தளர்ச்சி” என்று பெயர் வைத்து வைத்தியம் செய்யப்பட்டு வந்த 100 நோயாளிகளை கிளைன்மன் என்கின்ற அமெரிக்க வைத்தியர் விசாரித்து 1982-ல் எழுதினார். அவர்களில் 87 பேர் அமெரிக்கக் கணக்குப்படி மனச்சோர்வு நோயுடையவர்கள். ஆனால் அவர்கள் வைத்தியரிடம் சொல்லிக் கொண்டு வந்ததோ தலைவலி, தலைச்சுற்றல், தூக்கமின்மை. மனம் சரியில்லை என்று சொன்னால் மானம் போகும். உடம்பு சரியில்லை என்று சொன்னால் மரியாதை கெடாது. நமது நாட்டிலும் “நெஞ்சு அடைக்கிறது, கை கால் எரிகிறது, தலை பாரமாயிருக்கிறது” என்று சொல்லுகிறவர்களை நாம் அறியோமா? இவர்களிடத்தில் போய் “மனம் தாழ்ந்திருக்கிறதா?” என்று கேட்டால் “இல்லை” என்பார்கள். தாள் 0 என்று எழுதிக் கொள்ளும்.

பாஷையின் கஷ்டமும் சேர்ந்து கொள்ளுகின்றது. இங்கிலீஷில் துக்கத்தை நீல நிறத்தின் பெயரால் சொல்லுவது ஒரு வழக்கம். சி.இ.எஸ்.-டி தாளிலேயே அந்த வார்த்தை இருக்கின்றது. அதை வார்த்தைக்கு வார்த்தை தமிழாக்கினால் நீலம் என்றுதான் வரும். எந்தத் தமிழனுக்கு அது துக்கமாகப் படும்? நல்ல மொழிபெயர்ப்பாளர்கள் இவ்வளவு பெரிய பிசகைச் செய்ய மாட்டார்கள் என்பது உண்மையே. ஆனால் கண்ணுக்குத் தெரிகிற பிசகு திருத்தப்பட்டுவிடும். தெரியாத பிசகு நிலைத்து விடும். “குடும்பத்துக்குத் தலைகுனிவு தேடிவிட்டேன்” என்கின்ற எண்ணம் உண்டா என்று ஒன்பதில் ஒரு கேள்வி. நகையை அடகு வைத்துப் படிக்க அனுப்பிய குடும்பத்துப் பிள்ளைக்கு, ஒரு பாடத்தில் தவறினாலே அந்த எண்ணம் வராமலிருக்குமா? “கோட்டாவில் வந்தவன்” என்று விடுதியில் தினமும் குத்திக் காட்டப்படுகின்ற பிள்ளை, தன்னைப் பற்றித் தாழ்வாகத் தோன்றுகின்றதா என்கின்ற கேள்விக்கு என்ன விடை எழுதுவான்? அந்த விடையிலே நோய் எவ்வளவு, ஜாதி எவ்வளவு என்று தாள் பிரித்துக் காட்டுமா?

பயமும் ஒரு காரணம்

ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. இதுதான் மிக முக்கியமான கேள்வி. இதற்கு உண்மையான விடை வர வேண்டுமானால், எழுதுகிறவனுக்குப் பயமிருக்கக் கூடாது. ஆனால் அமெரிக்காவில் நடந்ததென்ன? மனத்துன்பத்தை வெளியிட்ட மாணவர்களை வெளியே அனுப்பிவிடும்படியான லீவ் விதிகள் இருக்கின்றன என்று குற்றம் சாட்டி ஸ்டான்போர்டு சர்வகலாசாலையின் மீது 2018-லும், யேல் சர்வகலாசாலையின் மீது 2022-லும் வழக்குகள் போடப்பட்டன. முதல் வழக்கு 2019-லும், அடுத்தது 2023-லும் ராஜியாகி, விதிகள் தளர்த்தப்பட்டன. அவ்வளவு பெரிய இடங்களிலேயே மாணவர்களுக்கு இந்தப் பயம் இருந்ததென்றால், அங்கே படிக்கப் போயிருக்கும் அந்நிய தேசத்துப் பிள்ளைகளின் பயத்தைக் கேட்கவா வேண்டும்? அவர்கள் அத்தேசத்தில் தங்குவதற்கான அனுமதியே படிப்பில் தொடர்ந்து இருப்பதைப் பொறுத்தது. 2023-24-ம் வருஷத்துக் கணக்குப்படி அமெரிக்காவில் படித்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். அந்நிய தேசத்து மாணவர்களில் அவர்களே அதிகம். நமது ஊர்ப் பிள்ளைகளும் அதில் அடக்கம். கடன் வாங்கிக் கப்பலேறாத குறையாகப் போன பிள்ளை, “செத்தால் தேவலை என்று தோன்றியதுண்டா?” என்ற கேள்வியைக் கண்டவுடன் யோசிப்பது தன் மனத்தைப் பற்றியா, தன் விசாவைப் பற்றியா?

நமது நாட்டு விடுதிகளிலும் இந்தப் பயம் இல்லாமலில்லை. எழுதியது வார்டனுக்குப் போகுமா, வீட்டுக்குப் போகுமா, கல்யாணப் பேச்சு வரும்போது யாராவது சொல்லிவிடுவார்களா என்று பெண் பிள்ளைகள் அஞ்சுவதில் தவறென்ன? ஆகவே குறைந்த மார்க் வாங்கியவர்கள் எல்லோரும் சுகமானவர்கள் என்று நினைப்பது பைத்தியக்காரத்தனமாகும்.

அன்றியும், “உலக மாணவர்களில் மூன்றில் ஒருவருக்கு மனநோய்” என்று பத்திரிகைகளில் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். 2018-ல் வெளியான ஒரு பெரிய ஆராய்ச்சியில் 19 கல்லூரிகளைச் சேர்ந்த 13,984 முதல் வருஷ மாணவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்ததில், 100-க்கு 35 பேருக்கு வாழ்நாளில் ஏதாவதொரு மனநோயின் குறி தென்பட்டது என்பது வாஸ்தவம். ஆனால் அந்தக் கல்லூரிகள் இருந்தது எட்டு தேசங்களில். ஆஸ்திரேலியா, பெல்ஜியம், ஜெர்மனி, மெக்சிகோ, வட அயர்லாந்து, தென் ஆப்பிரிக்கா, ஸ்பெயின், அமெரிக்கா. ஆசியாவில் ஒரு தேசமும் இல்லை. உலக ஜனத்தொகையில் பாதிக்கு மேல் வாழுகின்ற கண்டத்தை விட்டுவிட்டு உலகத்தின் கணக்கு என்று சொல்லுவது எந்தக் கணக்கு?

அப்படியானால் தாளைக் கிழித்தெறிவதா?

இவ்வளவும் சொன்னதைக் கொண்டு, “சரி, மேல்நாட்டான் தாள் நமக்கு ஒத்து வராது, பழையபடி தாயத்துக் கட்டுவோம், கோவிலில் கொண்டுபோய் விடுவோம்” என்று யாராவது கிளம்புவார்களானால், அவர்களுக்கு நாம் சொல்லுவது ஒன்றுதான். பி.எச்.க்யூ.-9 சோதனை வெளியான அதே 2001-ம் வருஷத்தில், ஆகஸ்டு 6-ந் தேதி, ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் தர்காவை நம்பிக் கொண்டுவந்து விடப்பட்டுச் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர், கொட்டகை தீப்பிடித்தபோது ஓட முடியாமல் வெந்து மாண்டார்கள். குறையுள்ள எடைக்கல்லைத் திருத்திக் கொள்ளலாம். சங்கிலியைத் திருத்த முடியாது, அறுக்கத்தான் வேண்டும். 2017-ம் வருஷத்து மனநலச் சட்டம் சங்கிலி போடுவதை அடியோடு தடுத்திருக்கின்றது.

தாளுக்கு உள்ள யோக்கியதையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் வெள்ளையர், கறுப்பர், சீன வம்சத்தார், லத்தீன் வம்சத்தார் ஆகிய நான்கு கூட்டத்தாரிடம் பி.எச்.க்யூ.-9 தாளை ஒப்பிட்டு 2006-ல் வெளியிட்டார்கள். மொத்தத்தில் நான்கு பேரிடமும் அது ஒரே விஷயத்தையே அளக்கின்றது என்றும், ஆனால் சில கேள்விகளுக்கு மட்டும் கூட்டத்துக்குக் கூட்டம் விடை மாறுகின்றது என்றும் கண்டார்கள். ஆகவே தாள் அடியோடு பொய்யுமல்ல, அடியோடு மெய்யுமல்ல. சோதித்த இடத்தில் சோதித்த அளவுக்கு மெய்.

சோதித்துச் செய்வதற்கும் வழியிருக்கின்றது. ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே தேசத்தில் ஷோனா பாஷை பேசும் ஜனங்களிடம், மேல்நாட்டுத் தாளை மொழிபெயர்த்துக் கொடுப்பதற்குப் பதிலாக, அவர்கள் தங்கள் மனத்துன்பத்தைத் தாங்களே எப்படிச் சொல்லுகிறார்கள் என்று முதலில் கேட்டார்கள். அவர்கள் “குஃபுங்கிசிசா” என்றார்கள். அதாவது, அளவுக்கு மீறிய யோசனை. நமது ஊரில் “யோசனை பிடித்துக் கொண்டது” என்று சொல்லுவதில்லையா, அதுபோல. அந்த வார்த்தைகளை வைத்தே 14 கேள்விகள் கொண்ட தாள் ஒன்று 1997-ல் தயாராயிற்று. அதைக் கொண்டு துன்பமுடையவர்களைக் கண்டுபிடித்து, வைத்திய நிலையத்து மரத்தடியில் ஒரு பெஞ்சியைப் போட்டு, பயிற்சி பெற்ற பாட்டிமார்களை உட்கார வைத்து அவர்களோடு பேசச் செய்தார்கள். அதனால் நல்ல பலன் உண்டென்று 2016-ல் முறைப்படி சோதித்தும் காட்டினார்கள். படித்த வைத்தியர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய ஒரு ஏழைத் தேசத்தால் இது முடியுமானால், நம்மால் ஏன் முடியாது?

செய்ய வேண்டியது

சென்ற 2025-ம் வருஷம் ஜூலை 25-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டார், 100-ம் அதற்கு மேலும் மாணவர்களுள்ள கல்வி ஸ்தாபனங்கள் தகுதியுள்ள மன ஆலோசகர் ஒருவரையாவது வைத்துக் கொள்ள வேண்டுமென்று உத்தரவு செய்திருக்கிறார்கள். நல்ல உத்தரவு. ஆனால் ஆளை வைப்பதற்குச் சம்பளம் வேண்டும். தாளை அச்சடிப்பதற்குக் காகிதம் போதும். ஆகையால் ஆளுக்குப் பதிலாகத் தாளைக் காட்டிக் கணக்கு முடித்துவிடும் அபாயம் நம் கண் முன்னே இருக்கின்றது. அதைத் தடுக்க வேண்டியது மாணவர்களும் பெற்றோர்களுமே. எனவே நாம் கேட்க வேண்டியவை இவை:

முதலாவது, எந்தத் தாளைக் கொடுத்தாலும், அது தமிழில், நம்மைப் போன்ற பிள்ளைகளிடத்தில் சோதிக்கப்பட்டதா, எத்தனை பேரிடம், 10 என்கின்ற எல்லை இங்கேயும் சரிதானா என்று காலேஜார் பதில் சொல்ல வேண்டும். கிராமத்துப் பிள்ளை, நகரத்துப் பிள்ளை, ஆண், பெண், எல்லா ஜாதி மதத்தாரும் அச்சோதனையில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, கூட்டுத் தொகையை மட்டும் பார்க்காமல் எந்தெந்தக் கேள்வியில் மார்க் ஏறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். தூக்கமும் பசியும் ஏறியிருந்தால் அவன் எங்கே வேலை செய்கிறான், என்ன சாப்பிடுகிறான் என்று கேட்க வேண்டும். ஒரு வகுப்புப் பிள்ளைகளிடம் மட்டும் தாழ்வு எண்ணம் ஏறியிருந்தால், அந்தப் பிள்ளைகளை அல்ல, அந்தக் காலேஜை விசாரிக்க வேண்டும்.

மூன்றாவது, தாளில் சிக்கிய ஒவ்வொருவரோடும் அவருடைய சொந்த பாஷையில் உட்கார்ந்து பேச ஒரு ஆள் இருக்க வேண்டும். ஆள் இல்லாத இடத்தில் தாள் கொடுப்பது, வைத்தியனில்லாத ஊரில் நோயாளிகளின் பெயரைத் தண்டோராப் போடுவதற்குச் சமானம்.

நான்காவது, எழுதியது வார்டனுக்கோ, வாத்தியாருக்கோ, வீட்டுக்கோ போகாது என்றும், அதைக் கொண்டு யாரையும் விடுதியிலிருந்தோ படிப்பிலிருந்தோ நீக்குவதில்லை என்றும் எழுத்தில் கொடுக்க வேண்டும். உயிருக்கு ஆபத்தென்று தோன்றினால் யாரிடம், எந்த அளவுக்குச் சொல்லுவார்கள் என்பதும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

மாணவத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. தாளில் 10-க்கு மேல் வந்துவிட்டதென்று பைத்தியக்காரப் பட்டம் கிடைத்துவிட்டதாக நினைத்து ஒடுங்க வேண்டாம். 10-க்குக் கீழ் வந்துவிட்டதென்று, உள்ளே வேகின்ற துக்கத்தை மறைத்துக் கொண்டு திரியவும் வேண்டாம். தாள் என்ன சொன்னாலும், தாங்க முடியவில்லை என்றால் தாங்க முடியவில்லைதான். வாய் விட்டுச் சொல்லுங்கள், வைத்தியரிடம் போங்கள். காய்ச்சலுக்குப் போவது எப்படி வெட்கமில்லையோ அப்படியே இதுவும் வெட்கமில்லை.

காலேஜாருக்கும் சர்க்காருக்கும் நாம் சொல்லுவது இவ்வளவே. பிள்ளைகளை நிறுக்கின்ற கல்லை முதலில் நிறுத்துக் காட்டுங்கள். பிறகு பிள்ளைகளைத் தட்டில் ஏற்றுங்கள்.